மாற்றம் 0.00

அக்டோபர் 3, வெள்ளி

கீழ்முடி எஸ்டேட் ஆபீஸ் டிவி மறுபடியும் உறைந்துவிட்டது. மேனேஜர் குரியன் சார் போனில் பிடித்துக்கொண்டார். "நாச்சிமுத்து, நீங்க வச்சது சைரனா, சீரியலா? பாதிப் பாதில நின்னு போகுதே" என்றார். சுருக்கென்றது. 

எரிச்சலை எங்காவது கொட்டத்தான் இந்த நோட்டை வாங்கினேன், முழுதாகவே கொட்டிவிடுகிறேன். நானும் மெஹ்ருன்னிசாவும் நடத்தும் கம்பெனியில் முதலாளி, தொழிலாளி எல்லாம் நாங்கள் இருவரே. கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே ஒரு செங்குத்தான சரிவு. அங்கே ஐந்து கம்பங்கள் நட்டிருக்கிறோம். மண் நகர்ந்தால் கம்பம் சாயும், உள்ளே இருக்கும் கருவி எத்தனை டிகிரி என்று அளந்து அனுப்பும். கம்பமும் கருவியும் மெஹர் பொறுப்பு. அது அனுப்புவதை வாங்கி ஆபீஸ் டிவியில் வெப் பக்கமாகக் காட்டுவது என் பொறுப்பு. முந்தைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கம் ஒப்பிடும். வித்தியாசம் அதிகமானால் சைரனை அடிக்கும். பக்கம் உறைந்தால் சைரனும் ஊமை.

மலையில் சிக்னல் சொற்பம், அதனால் கம்பம் எழுத்தாக எதையும் அனுப்பாது. வெறும் பைட்டுகள்தான், வரிசையாக. முதல் இரண்டு பைட் கம்பத்தின் எண், அடுத்த நான்கு நேரம், அடுத்த நான்கு சாய்வு. எது எங்கே தொடங்குகிறது என்பதற்கு நடுவில் ஒரு அடையாளமும் கிடையாது. இடம் தெரிந்து படிக்க வேண்டும். கருவி தன் வசதிக்காக நடுவே இரண்டு பைட்டைக் காலியாக விட்டிருந்தது ஜூன் மாதம் எனக்குத் தெரியாது. தள்ளிப் படித்த என் பக்கம், கம்பம் பல லட்சம் டிகிரி சாய்ந்ததாக நம்பி அலறியது. யார் வீட்டிலோ ஞானஸ்நான விருந்து. மொத்த லைனும் பிரியாணியை விட்டுவிட்டு பக்கத்து மேட்டில் இருக்கும் சர்ச்சுக்கு ஓடியிருக்கிறது. டீ ஃபாக்டரியில் வேலை செய்யும் சவரிமுத்து அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். குரியன் சார் சிரிக்கமாட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

உறைவதன் காரணம் பிடிபட்டது. டிவிக்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய குட்டிக் கம்ப்யூட்டர். நினைவகம் கொஞ்சம். நானோ ஒவ்வொரு தகவலுக்கும் புதிதாக இடம் பிடித்து நகல் எடுத்து அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். சிறிய வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் சேர்த்துவைத்த கதை.

இனி நகலே கிடையாது. கம்பத்துக்கு ஒரு பெட்டி, நினைவகத்தில் நிரந்தரமாக. புதிய பைட்டுகள் வந்தால் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். பக்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும். மத்தியானம் ஆரம்பித்தது விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்துவிட்டது. நினைவகம் ஒரு இம்மிகூட ஏறவில்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

மெஹரிடம் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டினால் அவள் கேள்வி கேட்பாள். ஏற்றிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கீழ்முடி போய் வந்தேன். டிவி ஒரு தடவைகூட உறையவில்லை. முன்பு காற்றடித்தால் வாரம் ஒருமுறையாவது சைரன் சும்மா ஒரு கத்து கத்தும். அதுவும் இல்லை. வரைபடத்தில் ஐந்து கோடுகளும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போகின்றன. மூன்றாம் கம்பம் 2.14 டிகிரி. மாற்றம் 0.00. குரியன் சார் எனக்கு டீயோடு பிஸ்கட்டும் சொன்னார். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் பிஸ்கட்.

கம்பங்களின் சோலார் தகடுகளைத் துடைப்பது சகாயராணி அக்கா, சவரிமுத்து அண்ணனின் மனைவி. அவர்கள் வீடு மூன்றாம் கம்பத்துக்கு நேர் கீழே. அக்கா கேட்டார்: "மழை வரப்போகுது தம்பி. போன வருசமெல்லாம் ராவு பூரா முழிச்சுக் கிடந்தோம். இந்த வருசம் என்ன செய்ய?"

"சைரன் அடிச்சா மட்டும் ஓடுங்கக்கா. அடிக்கலையா, நிம்மதியா தூங்குங்க."

அண்ணன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "சோத்து நேரமா பார்த்து அடிக்காம இருக்கச் சொல்லு தம்பி. அன்னைக்கு விட்ட பிரியாணி இன்னும் மனசுல நிக்குது."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். மத்திக் குழம்பு. அவர் வீட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. மாற்றம் 0.00.

அக்டோபர் 14, செவ்வாய்

மெஹர் கூப்பிட்டாள். கால் சுளுக்கி உக்கடத்தில் வீட்டோடு கிடக்கிறாள். கிடக்கிற நேரத்தில் என் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"நாச்சி, மாற்றம் சுத்தமா ஜீரோவா?"

"ஜீரோன்னா நல்லதுதானே?"

"ஏண்டா, பக்கத்துல ஆடு ஒன்னு உரசினாலே கடைசி இலக்கம் ஆடும். நான் செஞ்ச கருவி எனக்குத் தெரியாதா? ஜீரோ வரவே வராது."

கொஞ்சம் வடிகட்டியிருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை, மே மாதம் ஒரு வடிகட்டி எழுதினேன். அவள் உம் என்று மட்டும் சொன்னாள். அந்த உம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கருவியைப் பற்றி நான் ஏதாவது கேட்கிறேனா?

போனை வைத்த பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். 9ஆம் தேதிப் புள்ளி, மூன்றாம் கம்பம், 2.31 என்று காட்டுகிறது. இந்த நோட்டில் 2.14 என்று எழுதியிருக்கிறேன். டீக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே பார்த்து எழுதியது, மாறியிருக்கும். பழைய பக்கத்தில் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 2.31 என்று திருத்திவைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

விடாத மழை. காய்கறி வாங்கப் போய் நனைந்து, தலைவலி.

சகாயராணி அக்கா போன் செய்தார். அடுப்படிக் கதவு சாத்த மாட்டேன் என்கிறதாம், நிலையில் இடிக்கிறதாம். வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் செம்மண் கலந்து வருகிறதாம்.

"மழைக்கு மரம் உப்பும்கா. கதவு அப்படித்தான் பிடிக்கும்."

"அதான் அவரும் சொன்னாரு. டிவில எல்லாம் சரியா இருக்கில்ல தம்பி?"

"ஜீரோக்கா. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதில் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 17, வெள்ளி

குரியன் சார் பக்கத்து எஸ்டேட்டுகளில் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் வந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். தீபாவளி முடிந்ததும் காட்டலாம் என்றேன். அவர் கொச்சிக்குக் கிளம்புகிறார். திரும்பும்வரை ஆபீஸ் பூட்டு. "டிவி ஓடிக்கிட்டிருக்கும், ஆள் வேண்டாமல்லே?" என்று கேட்டார். ஆளே வேண்டாம் என்பதுதான் சார் விஷயமே என்றேன். நல்ல பதிலாக அமைந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மூன்றாம் கம்பம் சாய்ந்து நிற்கிறது. போனைக் கோணலாகப் பிடித்து எடுத்திருக்கிறார். "நேரா பிடிச்சு எடுங்கக்கா" என்று சிரிப்புப் பொம்மையோடு அனுப்பினேன்.

படத்தில் பின்னால் ஃபாக்டரி புகைக்கூண்டு நேராகத்தான் நிற்கிறது. போன் கேமராக்கள் அப்படித்தான், ஓரத்தில் வளைக்கும்.

மெஹருக்கும் அதே படம் போயிருக்கிறது. "நான் டாக்ஸி வச்சுப் போய்ப் பார்த்துட்டு வரட்டா?" என்று கேட்டாள். சுளுக்கிய காலோடு சரிவில் ஏறுவாயா, தீபாவளி முடியட்டும், நானே போகிறேன் என்று சொன்னேன். மாற்றம் 0.00 என்று காட்டும் பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்பினேன்.

சாயங்காலம் பட்டாசு வாங்கினேன். விலை கொள்ளை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

எண்ணெய்க் குளியல், பலகாரம் எல்லாம் காலையில் சீக்கிரமே முடிந்தது. மாமனார் வீட்டார் வருவதற்குள் புதிய எஸ்டேட்காரர்களுக்குக் காட்ட ஒரு பக்கம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முந்தைய எண், புதிய எண், இரண்டையும் பெரிய எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். சோதனைக்கு ஒரு பொய் எண்ணைக் கொடுத்தேன், 9.00. புதிய எண் 9.00 ஆனது. முந்தைய எண்ணும் 9.00 ஆனது. எங்கோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து 40.00 கொடுத்தேன். இரண்டும் 40.00. மாற்றம் 0.00.

 நகல் வேண்டாம் என்று நான்தானே நீக்கினேன்! முந்தைய எண் என்று நான் வைத்திருந்தது எண்ணே அல்ல. அதே பெட்டியைப் பார்க்கும் இன்னொரு ஜன்னல். பெட்டியில் புதியது விழுந்ததும் இரண்டு ஜன்னலிலும் புதியதுதான் தெரியும். பழையது எங்குமே இல்லை. வரைபடத்தின் பழைய புள்ளிகளும் அப்படியே, எல்லாம் இன்றைய எண்ணைக் காட்டிக்கொண்டு நேர்கோடாக நின்றிருக்கின்றன. மலையே கவிழ்ந்து விழுந்தாலும் என் சைரன் அடித்திருக்காது. 5ஆம் தேதியிலிருந்து இன்றுவரை.

 கம்பங்கள் அனுப்பிய பைட்டுகள் எல்லாம் எங்கள் சர்வரில் அப்படியே கிடக்கும். எடுத்துப் படித்தேன். 9ஆம் தேதி, மூன்றாம் கம்பம், 2.14. நோட்டில் நான் கோடு போட்டு அடித்த எண்தான் சரி. நேற்று 3.80. இன்று விடிகாலை 4.10. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது 4.60.

முதலில் திருத்தலாம் என்று தோன்றியது. ஒரே வரிதான், முந்தைய எண்ணை நகல் எடுத்து வைக்கும் வரி. எழுதினேன், சோதித்தேன், ஏற்றினேன். ஆபீஸ் பக்கம் தினமும் விடியும்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதாவது நாளை விடிந்தால் சரியான பதிப்பு வந்துவிடும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. குரியன் சாருக்கு போன் செய்ய எடுத்தேன். என்னவென்று சொல்வது? ஆபீஸ் பூட்டிக்கிடக்கிறது, அவர் கொச்சியில் இருக்கிறார், அங்கிருந்து என்ன செய்வார்? வைத்துவிட்டேன்.

மாமனார் வீட்டார் வந்தார்கள். சாப்பாடு. சேமியா பாயசம். மனைவி வாணி, "என்னங்க மொகமே செரியில்ல?" என்று கேட்டாள். பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மாமனார் இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னார். சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் 5.70.

அக்காவைக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் எடுத்தார். "தம்பி, தீபாவளி வாழ்த்துகள்! இருங்க, அவருக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன். பேசுறீங்களா?"

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல சர்ச்சுக்குப் போயிடுங்க. உடனே."

"ஏன், என்னாச்சு? சைரன் அடிக்கலையே. அது அடிச்சா மட்டும் ஓடச் சொன்னீங்களே."

"அது அடிக்காதுக்கா. கெட்டுப்போச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். இப்பத்தான்கா பார்த்தேன்."

 "ஏங்க, கைய கழுவுங்க, எந்திரிங்க" என்று கத்தியது கேட்டது. பிறகு தட்டோ எதுவோ தரையில் வைக்கும் சத்தம். போன் அணைக்கப்படாமலே இருந்தது. மழைச் சத்தத்தில் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிக் கூப்பிடும் அண்ணனின் குரல் கேட்டது, தூரமாகிக்கொண்டே போனது.

மெஹரிடம் சொன்னேன். அவள் கலெக்டர் ஆபீஸுக்கும் தீயணைப்புக்கும் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள்.

பொழுது சாயும்போது மூன்றாம் கம்பத்திலிருந்து தகவல் நின்றது. கொஞ்ச நேரத்தில் நான்காவதும்.

அக்டோபர் 21, செவ்வாய்

லைன் வீடுகள் இருந்த இடத்தில் சேறும் தேயிலைத் தூர்களும்தான். எல்லோரும் சர்ச்சில் இருக்கிறார்கள். சவரிமுத்து அண்ணனைத் தவிர.

கடைசி வீட்டுக்காரர்கள் முந்தின நாளே மேட்டுப்பாளையம் போய்விட்டார்கள். அவருக்குத் தெரியாது. கொட்டுகிற மழையில் கதவுப் பூட்டு கண்ணில் படவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே தூங்குகிறார்கள் என்று பின்பக்கம் போய்த் தட்டியிருக்கிறார். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போனார். அங்கேதான் எடுத்தார்கள்.

அக்டோபர் 22, புதன்

அடக்கத்துக்குப் போனேன். தூரமாக நின்றேன். 

தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தவர் வாக்குமூலம் வாங்கினார். "கோளாறு எப்போ தெரிஞ்சுது?" "மத்தியானம் சார்." "தெரிஞ்சதும்?" "உடனே போன் பண்ணிட்டேன் சார்." எழுதிக்கொண்டார். குரியன் சார் என் தோளில் கை வைத்து, "இவன் கூப்பிட்டிருக்காட்டி அத்தனை பேரும் போயிருப்பாங்க" என்று அவரிடம் சொன்னார். பேப்பரிலும் அப்படித்தான் வருமாம்.

அக்டோபர் 24, வெள்ளி

மெஹர் வீட்டுக்கு வந்தாள், கையில் ஊன்றுகோல். புதிய பதிப்பை வரி வரியாகப் படித்திருக்கிறாள். சரியாக இருக்கிறது என்றாள். 

"இதை நீ ஏத்தின நேரம் காலைலன்னு இருக்கு நாச்சி."

சர்வர் கடிகாரம் தப்பாக இருக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியிறங்கும்போது கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 25, சனி

அக்கா போன் செய்தார். நன்றி சொல்ல. எனக்கு நன்றி சொல்ல!

"உங்களை அவரு தம்பி தம்பின்னுதான் சொல்வாரு. நீங்க கூப்பிடலேன்னா பிள்ளைகளும் இல்ல, நானும் இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி மட்டும் தெரிஞ்சிருந்தா... அதுக்கு நீங்க என்ன செய்வீங்க, உங்களுக்கே அப்பத்தானே தெரிஞ்சுது."

ஆமாம்கா என்றேன்.

பிறகு இந்த நோட்டை எடுத்து 20ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். காலை என்ற வார்த்தை அங்கே இருக்கிறது. பாயசம்கூட இருக்கிறது. 9ஆம் தேதிப் பக்கத்தில் போட்ட மாதிரி ஒரு கோடு போட்டு, மேலே மத்தியானம் என்று எழுதினால் போதும், எல்லாம் பொருந்திப்போகும். வாக்குமூலம், பேப்பர், அக்கா நினைப்பது, எல்லாம் ஒன்றாகிவிடும். வித்தியாசமே இருக்காது. பேனாவைத் திறந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடிக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் வாணியிடம் முழுதும் சொன்னேன். பிறகு தாசில்தார் ஆபீஸுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதர் இரண்டு தடவை படித்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லாமலே போகச் சொன்னார்.

திரும்பி வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க தம்பி."

சொன்னேன். ஜன்னல், பெட்டி எல்லாம் சொல்லவில்லை. காலையிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். இப்பத்தான் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை இருமியது. சர்ச்சில்தான் இன்னும் தங்கியிருக்கிறார்கள். துண்டித்துவிட்டாரோ என்று பார்த்தேன், இல்லை.

"காலையிலேருந்து எங்களைக் கூப்பிடுற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். தம்பி என்று சொல்லவில்லை.

"திருத்தினேன். அப்புறம்... வீட்டுல ஆளுங்க வந்தாங்க. சாப்பிட்டேன்க்கா."

"சாப்பிட்டீங்க."

"ஆமாக்கா."

"அவரு ஒரு வாய்கூட வைக்கல" என்றார் சகாயராணி அக்கா. "வந்து சாப்பிடுறேன், மூடி வையின்னுட்டுப் போனாரு. மூடித்தான் வச்சேன்."